வறண்ட போரில் ஒரு சத்தம்

கோயம்புத்தூரில் எங்கள் கல்லூரிக்கு வருடா வருடம் வெளிநாட்டு மாணவர்கள் நிலத்தடி நீர் பற்றிய களப்படிப்புக்காக வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைகிறவள் நான்தான். போன வருடம், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கும் நீர்மட்ட நாடாவை இறக்கிப் பழக ஓர் ஆழ்துளைப் போர்க்குழி தேவைப்பட்டது. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில், வறண்டுபோய் வாயில் கல் வைத்து மூடிய போர் சும்மாதானே கிடக்கிறது என்று கூட்டிப்போனேன்.

தோட்டம் என்று சொல்வது பழக்கதோஷம். நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுப் போர் போட்டதில், வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கரும் கொண்டை காய்ந்த தென்னைகளும்தான் மிச்சம். இனிமேல் போர் போடுவதில்லை என்று அப்பா, அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அன்று மாணவர்களுக்குக் கொடுத்த இளநீர்கூடக் கடையில் வாங்கியது.

நாடாவின் நுனி தண்ணீரில் பட்டால் 'பீப்' என்று கத்தும். பூனைக்கண் பெண் ஒருத்தி இறக்கினாள். பாதி ஆழம்கூடப் போயிருக்காது, கத்தியது.

விழுந்த தென்னைமேல் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றார்.

"தண்ணிங்களா?"

அவர்களின் ஆசிரியர் நாடாவை மேலே இழுத்து, நுனியைத் துடைத்து, தானே இறக்கினார். அடிவரை போயும் சத்தமில்லை. குழாய்ச் சுவரின் ஈரம் பட்டிருக்கும், அடிக்கடி நடப்பதுதான் என்றார். ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குச் சொன்னேன். "சரிங்க," என்று தலையாட்டினார்.

ஒரு வாரத்தில் அம்மா போன் செய்தார்.

"கல்லை எடுத்துப்போட்டு குழியில காத வெச்சுட்டே உக்கோந்திருக்காரு கண்ணு. சோத்துக்குக் கூப்புட்டா, சத்தம் போடாதேங்கறாரு. இருக்கற ஏக்கரையும் வித்துப்போட்டு போர் லாரியக் கூட்டிட்டு வந்துருவாரு. நீ வந்து சொல்லு."

எனக்குக் கோபம்தான் வந்தது. நாடாவை எடுத்துக்கொண்டு போய் அவர் கண்முன்னே இறக்கினேன். அடியைத் தொட்டது. ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தீங்களாப்பா?"

"நீ எறக்குனா எப்படிக் கண்ணு வரும்? அந்தப் புள்ளைக்குத்தான் கைராசி. அதைய வரச்சொல்லு."

அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். "அடுத்த வருசம் வருமில்ல," என்று கல்லை எடுத்துக் குழியை மூடினார். அவர் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அந்தப் பொறுமைதான் என்னைப் பயமுறுத்தியது. அதற்குப் பிறகு பஸ்ஸில் டிக்கெட் மெஷின் கத்தினாலும், கடையில் பில் போடுகிற மெஷின் கத்தினாலும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

இந்த வருடம் வேறு மாணவர்கள் வந்தார்கள். முதல் வகுப்பன்று அப்பா சலவை வேட்டியோடு கல்லூரி வாசலில் நின்றார்.

"அந்தப் புள்ள வந்துருக்குதா?"

"இல்லீங்கப்பா. இவங்க எல்லாம் வேற."

"செரி. இதுல ஆருக்குக் கைராசின்னு நானே பாத்துக்கறேன்."

விரட்ட மனம் வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். நாடா எப்படி வேலை செய்யும் என்று காட்ட, எப்போதும்போல மேசைமேல் ஒரு வாளித் தண்ணீரை வைத்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் நாடாவின் நுனியை அதில் விட்டான். வாளி எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது, அப்பாவுக்கும்.

நாடா கத்தியது. அப்பா எழுந்து நின்றார்.