பூச்சியத்திலிருந்து எண்ணியவனும் ஒன்றிலிருந்து எண்ணியவனும்

றியாஸ் போய்விட்டான் என்று எங்கள் அலுவலகத்தின் பொறுப்பாளர் வாசுகி அக்கா தொலைபேசியில் சொன்னபோது, நான் அவன் எழுதிய கணினி நிரலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். வாசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. குறை தேடிக்கொண்டிருந்தேன்.

"சுதாகர், இருந்து கேளு. றியாஸ் மௌத்தாகிட்டான். விடிய நெஞ்சு நோகுது எண்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, மறுகா ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு."

இருந்துதான் கேட்டேன். என் மனதில் முதலில் வந்த வாக்கியத்தை இங்கே எழுதாவிட்டால் மற்ற எதையும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. 'இனி ஒருவரும் எதற்கெடுத்தாலும் றியாஸைக் கேளுங்கள் என்று சொல்லமாட்டார்கள்.' அதுதான் வந்தது. கண் நிறைந்தது அதற்குப் பிறகுதான்.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பின் ஏறாவூரில் அடக்கம். பள்ளிவாசல் முற்றத்தில் நின்றவர்கள் பலர், பல மொழி பேசத் தெரிந்த மனிதன் பல மொழிகளுக்கு டிபகர் செய்தான் என்று பேசிக்கொண்டார்கள். கேட்க அழகாய்த்தான் இருந்தது. ஆனால் அவனுடைய சிங்களம் படுமோசம் என்பது அவனோடு பொலன்னறுவைக்கு வேலைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். என் சிங்களம் எவ்வளவோ மேல். அதைக்கூட ஒருவரும் சொல்வதில்லை.

அவனை அறிந்தவர்கள் எல்லோரும் எங்கள் தொழிலை அறிந்தவர்கள் அல்ல என்பதால் கொஞ்சம் விளக்கவேண்டும். டிபகர் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை நடுவழியில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உதவும் கருவி. எங்கள் அலுவலகத்து டிபகரை ஆதியில் எழுதியவன் நான். அதற்கு சி என்ற கணினி மொழி மட்டும் தெரியும். பிறகு போட்ரான் என்ற இன்னொரு மொழியில் எழுதிய பழைய நிரல்கள் வந்தபோது, 'இது போட்ரான் என்றால் இப்படிச் செய்' என்று தேவைப்பட்ட இடமெல்லாம் ஒட்டுப்போட்டேன். பெயரைத் தேடும் இடத்தில் ஓர் ஒட்டு, பெறுமதியைக் காட்டும் இடத்தில் ஓர் ஒட்டு. ஓடியது. ஓடினால் போதும் என்றிருந்தேன்.

றியாஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் நிரலை வாசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுப் பார்சலை எனக்கு முன்னால் பிரித்துக்கொண்டே சொன்னான். "நடுவில இருக்கிறவனுக்கு ஒரு பாஷையும் தெரியக் கூடாது மச்சான். தெரிஞ்சா அவன் அந்தப் பக்கம் சாய்ஞ்சிருவான்."

அவனுடைய திட்டம் இதுதான். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அட்டை. அந்த மொழியில் பெயர்களை எப்படித் தேடுவது, பெறுமதியை எப்படி எழுதிக் காட்டுவது, பட்டியலை எந்த எண்ணிலிருந்து எண்ணுவது, நாம் தட்டச்சு செய்யும் கேள்வியை எப்படிப் பிரித்துப் படிப்பது, எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். டிபகரின் நடுப்பகுதி அட்டையை மட்டும் கேட்கும். எந்த அட்டை என்பதையும் அது ஊகிக்காது. நிரலைத் தொகுக்கும்போதே, இந்தப் பகுதி இந்த மொழியில் எழுதப்பட்டது என்று உள்ளே ஒரு குறிப்பு பதிந்திருக்கும். நிரல் நின்ற இடத்தின் குறிப்பைப் பார்த்து அட்டையை எடுக்கும். அந்த இடத்தை அழைத்த பகுதிக்கு நாம் ஏறிப் போனால், அங்குள்ள மொழிக்கு ஏற்ப அட்டையும் தானாக மாறும்.

"அப்ப என்ட சி?" என்று கேட்டேன்.

"அதுவும் ஒரு அட்டைதான்" என்றான், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

எனக்கு வயிறு எரிந்தது. நான் கட்டிய வீட்டில் என்னையே ஓர் அறைக்குள் போட்டுப் பூட்டிய மாதிரி. அதைவிடப் பெரிய எரிச்சல், அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பது.

அவன் எழுதி முடித்ததைப் பரிசோதித்து அனுமதிக்கவேண்டியவன் நான். மூன்று கிழமை வைத்திருந்தேன். இங்கே இடைவெளி அதிகம், இந்தப் பெயர் நீளம், இந்தக் குறிப்பு தெளிவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அவன் ஒவ்வொன்றுக்கும் "சரி, மாத்தியாச்சு" என்று பதில் போட்டான். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். பாவி, கோபமே படவில்லை.

அந்த மூன்று கிழமைக்குள்தான் வாவி நிரல் வந்தது. மாரி மழை பிடித்திருந்தது. வாவியில் நீர் ஏறினால் முகத்துவாரத்து மணலை எப்போது வெட்டிக் கடலுக்கு விடுவது என்று கணித்துச் சொல்லும் நிரல் அது. பிந்தி வெட்டினால் படுவான்கரை வயல்கள் நீருக்குள் போகும். கொக்கட்டிச்சோலையில் அப்பாவின் வயல் வட்டையும் அதில் அடக்கம். கணிக்கும் பகுதி பழைய போட்ரான். தினசரி நீர்மட்டங்களை அதற்குக் கொடுக்கும் பகுதி புதிதாக சி-யில் எழுதப்பட்டது. கணிப்போ வாவியில் உண்மையில் நின்ற நீர்மட்டத்தைவிட எப்போதும் குறைவாகவே வந்தது.

நான் இரண்டு நாள் பார்த்தேன். போட்ரான் பகுதியில் நிறுத்தி முதலாம் நாள் மட்டத்தைக் கேட்டேன். என் டிபகர் சரியான எண்ணைக் காட்டியது. "நிரலில பிழையில்ல, நீங்க அளந்ததைப் பாருங்க" என்று நிரலைக் கொண்டுவந்தவர்களை அனுப்பிவிட்டேன். அன்று பின்னேரம் அப்பா போனில் அழைத்து, வரம்பு மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்றார்.

மறுநாள் றியாஸ், நான் அனுமதிக்காத தன் பிரதியில் அதே இடத்தில் நிறுத்தினான். முதலாம் நாள் மட்டம் பூச்சியம் என்று வந்தது. அழைத்த பகுதிக்கு ஏறினான். அட்டை சி-க்கு மாறியது. விசயம் வெட்டவெளிச்சமானது. சி பூச்சியத்திலிருந்து எண்ணும், போட்ரான் வழக்கமாக ஒன்றிலிருந்து எண்ணும். சி-யில் எழுதியவர் முதல் இடத்தை வெறுமையாய் விட்டு, அடுத்த இடத்திலிருந்து நிரப்பியிருந்தார். போட்ரான் அந்த வெறுமையையே முதலாம் நாளாக எடுத்துக்கொண்டது. என் டிபகரில், எண்ணும் இடத்தில் மட்டும் ஒட்டுப்போட மறந்திருந்தேன். அது போட்ரானுக்குள் நின்றும் சி போலப் பூச்சியத்திலிருந்து எண்ணி, நிரப்பிய இடத்தைக் காட்டியது. அவர்களின் தவறை என் தவறு அப்படியே மூடிவிட்டது.

அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்தான். முகத்துவாரத்தை நேரத்துக்கு வெட்டினார்கள், வயல் தப்பியது. கூட்டத்தில் வாசுகி அக்கா "ஆர் கண்டுபிடிச்ச?" என்று கேட்டபோது நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாங்க ரெண்டு பேரும் பார்த்தம்" என்றான் றியாஸ்.

அந்த நிமிடம் அவனை நான் வெறுத்த அளவுக்கு வேறு யாரையும் வெறுத்ததில்லை. அன்றே அவனுடைய நிரலை அனுமதித்தேன். ஏன் மூன்று கிழமை வைத்திருந்தேன் என்பதை மட்டும் கடைசிவரை அவனிடம் சொல்லவில்லை. எத்தனை வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தான்! எத்தனை தேத்தண்ணி ஒன்றாய்க் குடித்தோம்! சொல்லியிருக்கலாம்.

போன கிழமை, அவன் பாதியில் விட்டுப்போன ஏடா மொழியின் அட்டையை எடுத்தேன். ஏடாவில் ஒவ்வொரு பட்டியலும் எந்த எண்ணில் தொடங்கும் என்பதை எழுதுபவரே தீர்மானிப்பார். அட்டை அதைப் பட்டியலிடமே கேட்கவேண்டும். றியாஸ் கேட்கவில்லை. 'ஒன்று' என்று எழுதிவைத்திருந்தான். என் பூச்சியத்தைப் பிடித்தவன் ஒன்றில் சறுக்கியிருக்கிறான்! எனக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது. 'அம்பிட்டியா மச்சான்' என்று சொல்வதற்காகப் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தியும்விட்டேன். மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

எடுத்தது அவன் மனைவி சிபானா. கணவனை இழந்த பெண் பிற ஆண்களைச் சந்திக்காமல் இருக்கும் இத்தாக் காலத்தில் அவர் இருப்பதால், அடக்கத்தன்று நேரில் ஆறுதல் சொல்லவும் முடிந்திருக்கவில்லை. அழைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், அந்த மூன்று கிழமையையும் சேர்த்து.

"அது அவருக்குத் தெரியுமே அண்ணன்" என்றார். "'வெச்சிருக்கான், பொறாமைக்காரன்' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்ப மேலிடத்தில சொல்லுங்களன் எண்டன். 'வேணாம், குறை தேடித் தேடி உண்மையான பிழையும் ரெண்டு பிடிச்சிட்டான். வேற ஆரு என்ட நிரலை இப்பிடி வரிக்கு வரி வாசிக்கிற?' எண்டார்."

ஆக, அதிலும் அவனே ஜெயித்திருக்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பொறாமையைத்தான். அவன் எழுதியதை வரிக்கு வரி வாசிக்கவைத்தது அது. நல்ல குணம் எதையும் அவனிடம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அவனே சிரிப்பான்.

ஏடா அட்டையை நேற்றுத் திருத்தி முடித்தேன். திருத்தக் குறிப்பில், பிழையைக் கண்டவர் யார் என்று எழுத ஓர் இடம் உண்டு. அங்கே என் பெயரை எழுதினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, முழு மனதில்லாமல்தான், 'நாங்கள் இருவரும்' என்று எழுதினேன்.