கோட்டைக்குக் கீழே ஒரு நடுகல்

ஞாயிறு காலையில் சரோஜா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வண்டிக்குப் பெட்ரோல் போட்டாயா என்று கேட்பார் என நினைத்து எடுத்தேன். பேசியது அவர் மகன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

எங்கள் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். விடுமுறை நாட்களில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, சங்ககிரியைச் சுற்றி இடிந்த கோயில்களையும் நடுகற்களையும் தேடுவார். எல்லோரும் மலைக்கோட்டைக்கு ஏறுவார்கள். அக்கா அடிவாரத்திலேயே வண்டியைத் திருப்பச் சொல்வார். "கோட்டை எங்கயும் போயிராது சாமி. கீழ கெடக்கறதுதான் போயிரும்."

அவருடன் பழகியவர்களுக்கு அவர் சிரிப்பு நினைவிருக்கும். எனக்கு நினைவு வருவது அவர் சிரிக்காத ஒரு மதியம்.

கோழிப்பண்ணைக்குப் பின்னால், வேலிமுள்ளுக்குள் ஒரு நடுகல். தேய்ந்த எழுத்து தெரிவதற்காக அக்கா அரிசி மாவைத் தூவித் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும், வெயிலுக்குப் பிழிந்து குடிக்கக் கொண்டுவந்த எலுமிச்சையும். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தோட்டத்துக்காரரும் இரண்டு ஆட்களும்.

"ஏனுங்க, எந்தூருங்க நீங்க?" மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டுக்கொண்டே என் வண்டிச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மாவு, எலுமிச்சம்பழம், ஆளில்லாத காடு. பொதையல் பூசைதானுங்கண்ணா" என்றான் கடப்பாரை வைத்திருந்தவன்.

"எழுத்துப் படிக்க வந்தமுங்க" என்றேன். என் குரலை நானே நம்பியிருக்க மாட்டேன்.

"அடியில என்ன இருக்குதுன்னு நாங்களே பாத்துக்கறம்." கடப்பாரை கல்லின் அடியில் இறங்கியது.

"போயிரலாங்க்கா." அவர் கையைப் பிடித்தேன்.

"நாம போனாக் கல்லும் போயிரும்."

அதுவரை அந்தக் கல்லை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆபத்தைக் கொண்டுவந்தவர்கள் நாங்கள்தான்.

அக்கா பழத்தை அறுத்துப் பாட்டிலில் பிழிந்து, தான் ஒரு வாய் குடித்தார். மீதியைக் கடப்பாரைக்காரனிடம் நீட்டினார். "குடி சாமி. பூசைக்கு வெச்ச பழத்த ஆராச்சும் குடிப்பாங்களா?" அவன் வாங்கவில்லை. அவர் கல்லின் பக்கம் திரும்பி, மாவில் வெளுத்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். "பேரு செதஞ்சு போச்சுங்க. மாட்ட மீக்கப் போயிச் செத்தவன்னு மட்டும் தெரியுது. உங்கூரு மாட்டுக்காகச் செத்தவன நீங்களே புடுங்கறீங்க."

தோட்டத்துக்காரர் குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தார். "கடப்பாரைய வெளிய எடுறா" என்றார். சாவி என் கைக்கு வந்தபோது அது அவர் வியர்வையில் நனைந்திருந்தது.

அன்று திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "தப்பு நம்முளுது. இனி மொதல்ல பக்கத்து ஊட்டுல தண்ணி கேட்டுக் குடிக்கோணும். எதுக்கு வந்தம்னு சொல்லோணும். அப்பறந்தான் கல்லு."

அக்காவின் காரியம் முடிந்த மறுவாரம் தனியாக அங்கே போனேன். கல்லின் அடியில் தோண்டிய தடத்தை நினைத்தபடியே, கோழிப்பண்ணையை ஒட்டிய வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன். சொம்புடன் வந்தவன் அதே கடப்பாரைக்காரன்.

"கல்லு நிக்குதுங்களா?"

"நிக்குதுங்க. மண்ணுப் போட்டு மிதிச்சு உட்டாச்சு. அந்தம்மா வரலீங்களா?"

சொன்னேன். அவன் உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் அரிசி மாவு கொண்டுவந்து கொடுத்தான்.

முதலில் தண்ணீர் கேட்பது, பிறகு கல்லைத் தொடுவது. அக்கா எனக்கு விட்டுச்சென்றது அவ்வளவுதான்.