அவளுக்கென்று ஒரு சட்டி

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் ஒரு கூட்டம். வந்திருந்த பெரிய மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு 'சகவாழ்வு, சகவாழ்வு' என்று முழங்கினார். எனக்கு எரிச்சலாக வந்தது. "அப்படின்னா என்னடா?" என்று மகனைக் கேட்டேன். "எல்லாரும் ஒத்துமையா சேர்ந்து இருக்கிறதும்மா" என்றான். எனக்கு ஒரு சட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் செமிலிங்கில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு கம்பிவேலி. அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரி. நான் அவளை மலாயில் 'காக்', அதாவது அக்கா, என்பேன். அவள் என்னைத் தமிழில் 'அக்கா' என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவள் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. கையுறை ஃபேக்டரிக்கு ஒரே பஸ்ஸில் போய் ஒரே லைனில் நின்றவர்கள் நாங்கள். என் முருங்கைக்காய் சாம்பார் என்றால் அவளுக்கு உயிர்.

எங்கள் வீட்டில் பன்றிக் கறி சமைப்போம். அது அவள் மார்க்கத்துக்கு ஆகாது. அதனால் அவளுக்குச் சமைக்கவென்றே ஒரு சட்டியும் கரண்டியும் வாங்கி, துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்தேன். "சாமிக்குக்கூட நீ இப்படித் தனியா வச்சதில்ல" என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை கிண்டல் பண்ணுவார்.

போன வருஷம் காக்குக்கு வயிற்றில் புற்றுநோய். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மகள் வேலியோரம் வந்தாள்.

"ஆன்ட்டி, அம்மா உங்க சாம்பார் கேக்கிறாங்க. அவங்களா வாயத் திறந்து சாப்பாடு கேட்டு எத்தனை நாளாச்சு!" என்று மலாயில் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உள்ளே ஓடினேன். மேல்தட்டில் துணி மட்டும் கிடந்தது. சட்டி அடுப்பில் இருந்தது. அதில் காட்டுப்பன்றிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

மருமகள் லூனாஸ் ஊர்க்காரி, அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்தாள். அவள் அண்ணன் தோட்டத்திலிருந்து கறி கொடுத்தனுப்பியிருக்கிறான். "பெரிய சட்டியா இருந்துச்சேன்னு எடுத்தேன் அத்தை" என்று முழித்தாள். வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தேன். பாவம், அவளுக்கு யார் சொன்னார்கள்?

"நல்லா கழுவிட்டு அதுலயே ஆக்குங்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் மகன்.

"எனக்குத் தெரியும்லடா. அது போதாதா?"

அவர்கள் முறையில் அது சோப்புப் போட்டால் தீருகிற காரியமில்லை. மண் கரைத்துக் கழுவ வேண்டும்; அந்த முறையும் எனக்குச் சரியாகத் தெரியாது. வீட்டில் இருந்த மற்ற சட்டிகளும் பன்றிக் கறி வெந்தவைதான். பக்கத்து வீட்டில் ஒரு சட்டி கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மாட்டிறைச்சி வெந்த சட்டியாக இருக்கும், அதை எப்படி என் அடுப்பில் ஏற்றுவது என்று விட்டுவிட்டேன்.

புதுச் சட்டி வாங்க பீடோங்குக்குப் போனோம். பாத்திரக்கடை பூட்டியிருந்தது. அங்கிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். மழை வேறு, கார் நகரவே இல்லை. வாங்கி வந்து, பருப்பு வேகவைத்து, சாம்பாரை எடுத்துக்கொண்டு போவதற்குள் சாயந்திரமாகிவிட்டது. காக்குக்கு நினைவு தப்பியிருந்தது. மகள் ஒரு கரண்டி எடுத்து உதட்டில் வைத்தாள். அது கடைவாயில் வழிந்தது. நான் என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.

மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

சில நாள் கழித்து மகள் மறுபடியும் வேலியோரம் வந்தாள். கையில் ஒரு சட்டி. அடி கறுத்த பழைய சட்டி.

"இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாங்க ஆன்ட்டி. ராயா பெருநாளுக்கு உங்களுக்குக் கோழி ரெண்டாங் கறி இதுலதான் ஆக்குவாங்க. இதுல மாட்டிறைச்சி ஏறினதே இல்ல. எங்க யாரையும் தொடவிடமாட்டாங்க."

வேலிக்கு மேலாக அதை வாங்கினேன். எத்தனை ராயாவுக்கு அந்த ரெண்டாங்கை வழித்து வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன்! எந்தச் சட்டியில் ஆக்கினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. நானும்தான் என் மேல்தட்டைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே வேலியோரம் நின்று, "ஒரு சட்டி இருந்தா குடும்மா" என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால், காக் மத்தியானத்துக்குள் சாப்பிட்டிருப்பாள்.