சங்கு முத்திரைக்காரர் கட்டிய தண்ணீர்த் தொட்டி

மகாராஜாவின் கோட்டைக்குள் குடியிருந்தவரை தண்ணீரைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. குழாயைத் திருகினால் வந்தது. யுத்தம் தொடங்கிய சமயத்தில் என் கணவர் விழிஞ்ஞம் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பையும் அதற்குள் இருந்த ஓட்டு வீட்டையும் வாங்கினார். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவருக்குச் சொந்த வீடு என்பது பெரிய பெருமை. மாமியாரும் எங்களோடு வந்தாள். நான் அப்போது மூத்தவளை உண்டாகியிருந்தேன்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை முதல்முறை வாளியில் பார்த்தபோதே எனக்குக் குமட்டியது. செம்பு நிறம். மேலே விளக்கெண்ணெய் சிந்தினாற்போல் ஓர் ஆடை. கஞ்சி வடித்தால் கறுத்தது. அவருடைய வேட்டிகள் பழுப்பேறின. வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி இருந்தது.

"கண்டவனைக் கிணத்தண்டை விடப்படாது. சர்க்கார் லைசென்ஸ் உள்ள ஆளைத்தான் விளிக்கணும்" என்றார் அவர்.

அப்படி வந்தவர்தான் ஆரியசாலைக் கான்ட்ராக்டர். நாகர்கோவில் பக்கத்துத் தமிழர். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கையில் குடை, கன்னத்தில் அடக்கிய வெற்றிலை. வந்ததும் கிணற்றைப் பார்க்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து லைசென்ஸை எடுத்து விரித்தார். அதிலிருந்த மகாராஜாவின் சங்கு முத்திரையைப் பார்த்ததும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கான்ட்ராக்டர் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்து, கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேலேயே துப்பினார். சிவப்பு எச்சில் சுவரில் வழிந்து உட்புறமாக இறங்கியது. நான் பார்த்தேன். மற்ற யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இரும்பாக்கும். பேடிக்க ஒண்ணுமில்ல. தொட்டி கட்டி வடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிரும், கேட்டேளா" என்றார்.

கிணற்றடியில் சுண்ணாம்புக் காரை பூசிய தொட்டி எழுந்தது. அடியில் உடைகல், அதன்மேல் கரி, அதன்மேல் மணல். கரிக்கும் மணலுக்கும் நடுவில் கயிற்றுப் பாய் விரிப்பதாகச் சொன்னார். மேலே தண்ணீரை ஊற்றினால் கீழே பித்தளைக் குழாயில் வரும். வேலை நடந்தபோது பெண்கள் அந்தப் பக்கம் போகவில்லை. கணவரோ கச்சேரியில் இருந்தார்.

தண்ணீர் உண்மையில் தெளிந்துதான் வந்தது. கோட்டையிலிருந்து யார் வந்தாலும் என் கணவர் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டுவார். மாமியார் அதில்தான் சாளக்கிராமத்துக்கு அபிஷேகம் செய்தாள்.

எனக்கு மட்டும் அது நாறியது. அழுகல் என்று சொல்ல முடியாது. உப்பும் நிணமும் கலந்த ஒரு வாடை. டம்ளரை மூக்கருகே கொண்டுபோனால் போதும், கொல்லைக்கு ஓடி வாந்தி எடுப்பேன்.

"மசக்கைடி குட்டி. எனக்கும் இவனை உண்டாயிருந்தப்போ நெய்யே நாத்தமடிச்சுது" என்றாள் மாமியார்.

மசக்கை தீர்ந்து வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் வாடை போகவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"அத்தனை பேர் குடிக்கறா. உனக்கு மட்டும் நாறறதா?" என்று கேட்டுவிட்டுக் கணவர் பத்திரிகையைப் புரட்டினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். குழந்தைக்காகக் குடித்தேன்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் குழாயில் தண்ணீர் சொட்டாகச் சுருங்கியது. கான்ட்ராக்டருக்குச் சொல்லி அனுப்பியும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலை அள்ளிக் கொட்டினார். மணலுக்கு அடியில் கயிற்றுப் பாய் இல்லை. சாக்குகள் இருந்தன. ஒன்றை இழுத்தார். அது பிய்ந்து கையோடு கூழாக வந்தது. நூலிடுக்குகளில் செதில்கள் மினுங்கின. மடிப்பில் நெத்திலித் தலைகள் கண்ணும் வாயுமாக ஒட்டியிருந்தன. வெள்ளைப் புழுக்கள் அவர் மணிக்கட்டில் ஏறின.

கருவாட்டுச் சாக்கு.

அவர் கையை உதறிக்கொண்டே போய்த் தென்னையடியில் வாந்தி எடுத்தார். பூணூலைத் தூக்கிப் பிடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு வாந்தி வரவில்லை. நான் எடுக்க வேண்டியதையெல்லாம் முன்பே எடுத்திருந்தேன். அவர் முதுகைத் தடவிக்கொடுக்கவும் எனக்குக் கை வரவில்லை.

"என்னடா அது?" என்று கேட்டபடி வந்த மாமியார், கிட்டே வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் திரும்பிப் போய்ப் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் கணவர் ஆரியசாலைக்கே போய்க் கான்ட்ராக்டரைக் கூட்டிவந்தார். அவர் சாக்கைக் குடை நுனியால் புரட்டிப் பார்த்தார்.

"பாய்க்குத் தட்டுப்பாடு சாமி. சாலைக் கடைத்தெருவுல கெடச்ச சாக்கைப் பயலுக போட்டிருப்பானுவ. ஆனா கொழாயில வர்ற வெள்ளம் தெளிஞ்சுதா இல்லியா?"

"இது கருவாட்டுச் சாக்கு ஓய். நாங்க குடிச்சிருக்கோம்."

"கழுவித்தான் போட்டிருப்பானுவ. லைசென்ஸ்ல சாக்கு இன்னதுன்னு எழுதியிருக்கா, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைச் சாற்றைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே துப்பினார்.

கான்ட்ராக்டரை இவர் அடித்துத் துரத்துவார் என்று நினைத்தேன். என் கணவரோ தணிந்த குரலில், "சரி, போனது போகட்டும். இனிமேலாவது ஒழுங்கா மாத்திக் கொடுங்கோ" என்றார். லைசென்ஸ் உள்ள ஆள் வேறு யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்களாம். அந்த எச்சிலைவிட, அந்தச் சாக்கைவிட, அந்தப் பேச்சுதான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

அடுத்த தோப்பில் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகும் ஒரு வேதக்காரக் குடும்பம் இருந்தது. அந்த அம்மாள் பள்ளிக்கூட டீச்சர், எல்லைப் பக்கத்துத் தமிழ் பேசுபவள். வேலிக்கு அப்பாலிருந்து கூச்சலைக் கேட்டுவிட்டு, "எங்க கெணத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கு. வேணும்னா வந்து கோரிக்கிடுங்க" என்றாள்.

நான் குடத்தை எடுத்தேன்.

"அங்கேயா?" என்றாள் மாமியார்.

"ஆமாம்மா, அங்கேதான்."

அவள் விலகி வழிவிட்டாள். டீச்சரம்மாவின் கிணற்றடியில் நின்று கை நிறைய வாங்கிக் குடித்தேன். எந்த வாடையும் இல்லை. மாதக்கணக்கில் நான் மூச்சைப் பிடிக்காமல் குடித்த முதல் தண்ணீர் அது.

தொட்டியை மறுபடி நிரப்பியபோது வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வோர் அடுக்கையும் நானே பார்த்தேன். மணலைத் தெளிவு வரும்வரை அலசச் சொன்னேன். புதுப் பாயை முகர்ந்து பார்த்த பிறகே விரிக்க விட்டேன். "அம்மாவுக்கு எங்க மேல நம்பிக்கை இல்ல" என்று கான்ட்ராக்டர் சிரித்தார். இல்லை என்றேன்.

அந்தத் தண்ணீர் பிறகு நன்றாகவே இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். நான் அதில் பாத்திரம் தேய்த்தேன், துணி துவைத்தேன். அந்த வீட்டில் இருந்த காலம்வரை குடிக்கவில்லை. என் பெண் பிறந்தபோது அவளுக்கு முதலில் புகட்டிய வெந்நீரும் டீச்சரம்மாவின் கிணற்றிலிருந்து வந்ததுதான். மாமியார்தான் போய்க் கோரிக்கொண்டு வந்தாள்.