வெற்று வட்டு

ஒன்றைத் தெரிந்துகொண்டவர் தெரிந்தபடியேதான் வாழ வேண்டுமா? மூலிகை ஆய்வகம் ஒன்றில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டது. பதில் சொல்ல அவள் மெனக்கெடவில்லை.

மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வடிகட்டி அக்கா. வடிதாளை மடித்துப் புனலில் பொருத்துவதில் அவளுக்கு நிகர் இல்லை என்பது ஒரு காரணம். யார் என்ன சொன்னாலும் பாதியைக் கீழே இறங்க விடமாட்டாள் என்பது இன்னொன்று. "இந்த இலை மூட்டுவலிக்கு நல்லதாம்க்கா" என்று யாராவது வந்தால், "யாரோட மூட்டுக்கு? எலியோடதுக்கா?" என்பாள்.

இலைகளை நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து வடிப்பது அவள் வேலை. வடித்த சாற்றில் ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டு அது கரும்பச்சையானால் டானின் உண்டு; குலுக்கி நுரை நின்றால் சபோனின் உண்டு. ஆனால் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்பதில் அவள் கறார்.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோயாளி. வலது கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் ஏழு வாரமாக ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது பிரேக்கை மிதிக்கிற கால். விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வகத்தின் பின்சுவரில் படர்ந்திருந்த ஒரு கொடியின் இலை சோதனைக்கு வந்தது. புண்ணில் சீழ் வைக்கும் கிருமியைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, சாற்றில் நனைத்த பொட்டளவு காகித வட்டுகளை மேலே வைப்பார்கள். சாறு கிருமியைத் தடுத்தால் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். மறுநாள் தட்டைத் திறந்தால் பதினான்கு மில்லிமீட்டர் வளையம். அவள் மூன்று முறை அளந்தாள். அன்றைக்கு எதையும் வடிகட்டாமல் வீட்டில் போய் அப்படியே சொல்லிவிட்டாள்.

அன்று மாலையிலிருந்து அந்த இலைகளைக் கொதிக்கவைத்து, ஆறிய நீரில் அவர் காலைக் கழுவிவிட்டாள். அவர் பேருந்துப் பிள்ளைகளின் அட்டகாசங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் அரைமணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். க்ளினிக்கில் கட்டு மாற்றப் போவதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார். வீட்டிலேயே லேப் இருக்கும்போது அங்கே எதற்கு என்றார். அவளும் வற்புறுத்தவில்லை.

பத்து நாள் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு வெற்று வட்டு வைப்பது வழக்கம். சாறு இல்லாமல் மெத்தனாலில் மட்டும் நனைத்து உலர்த்தியது. இந்த முறை இரண்டு வட்டுகளையும் அன்று காலையிலேயே ஒன்றாக நனைத்து உடனே வைத்தாள். மறுநாள் இரண்டைச் சுற்றியும் வளையம்.

எங்கே பிசகியது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முதல் முறை வெற்று வட்டு, மூன்று நாள் முன்பே நனைத்து உலர்த்தி டப்பாவில் வைத்திருந்தது. சாற்று வட்டோ அன்றைக்கே நனைத்தது. மழைக்காலம், அது உலரும் வரை காத்திருக்க மனமில்லாமல் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஈரத்தோடு வைத்துவிட்டாள். கிருமியைத் தடுத்தது இலை அல்ல, உலராத மெத்தனால்.

ஆய்வகப் பேராசிரியர் அதற்குள் அந்த இலையைப் பற்றிய கட்டுரையில் பாதி எழுதியிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"வெற்று வட்டுக்குத் தெரியுமே மேடம்."

அன்று மாலை வீட்டில் கணவரின் கால் இலை நீர்ப் பாத்திரத்தில் இருந்தது. புண்ணின் ஓரம் கறுத்திருந்ததை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"அந்த வளையம் இலையால வரலைங்க. என் அவசரத்தால வந்தது."

அவர் பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்தார். "அப்போ பத்து நாளா வெறும் தண்ணியா?"

"கிட்டத்தட்ட. நாளைக்குக் காலையில க்ளினிக் போறோம். கட்டு போட்டா அப்புறம் நனைக்கக் கூடாது."

"போலாம். நீ கூட வந்தா போலாம்."

டாக்டர் இருவரையும் நன்றாகத் திட்டினார். புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார், மருந்தை மாற்றினார். நான்கு மாதம் பிடித்தது. விரல் தப்பியது, நகம் போனது. அவர் மறுபடியும் பேருந்து ஓட்டினார். கவனமாக உலர்த்திய வட்டுகளோடு இலை மேலும் இரண்டு முறை சோதிக்கப்பட்டது. வளையமே இல்லை. கட்டுரை கைவிடப்பட்டது.

அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலை, அவள் பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் எடுத்து வந்தாள். கைப்பையிலிருந்து ஐந்து இலைகளை எடுத்து அதில் போட்டாள். பின்சுவரில் பறித்தவை.

"இதுல ஒண்ணும் இல்லைன்னு நீதானே சொன்ன?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, அவர் காலை எடுத்து நீரில் வைத்தாள். அவர் அன்றைய பேருந்துப் பிள்ளைகளின் கதையை ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை வந்து அந்தக் கொடியில் இலை பறித்துப் போவாள். ஏனக்கா என்று கேட்ட மாணவியிடம், வட்டு நன்றாக உலர்ந்ததா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னாள். மாணவி திரும்பி வந்தபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.