வெள்ளிக்கிழமை தபாஸ்

எங்கள் தீவின் மண்கும்பான் கடற்கரையில், நான் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்பானியச் சாப்பாட்டுக் கடை இருந்தது. நடத்துபவர் மண்டைதீவுக்காரர். ஸ்பெயினில் பல வருடங்கள் ஹோட்டல் குசினிகளில் சமையல் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். நான் வந்த அன்றே கடைப் பலகையில் 'தபாஸ்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டேன்.

தபாஸ் எனக்குப் பழக்கம். நோர்வேயில் முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை செய்யும் இத்தனை காலமும், குளிர்கால விடுமுறைக்கு ஸ்பெயினுக்குத்தான் போவேன். கலியாணம் செய்யாதவள், கூட வர ஆளில்லை. தபாஸ் என்றால் சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் சாப்பாடு. நாலைந்து பேர் சுற்றியிருந்து, எட்டுப் பத்துத் தட்டுகளை நடுவில் வைத்து, எல்லோரும் எல்லாவற்றிலும் எடுத்துச் சாப்பிடுவார்கள். ஒற்றை ஆளுக்கு இரண்டு தட்டுக்கு மேல் இறங்காது. பக்கத்து மேசைகளில் தட்டுகள் கை மாறுவதைப் பார்த்துக்கொண்டு, என்னுடைய இரண்டு தட்டையும் முடித்துவிட்டு எழும்பிவிடுவேன்.

அதனால்தான் அன்றைக்குத் தம்பியைக் கூப்பிட்டேன்.

தம்பி வேலணையில் இருக்கிறான். தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுகிறான். மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. ஒரே மகள் கலியாணம் முடித்து வவுனியாவில். நான் மூன்று வார விடுமுறையில் வருகிறேன் என்று போனில் சொன்னபோது, "வீட்டில தங்க ஏலாது அக்கா. மண்கும்பானில நல்ல ஹோட்டல் வந்திருக்கு. நான் சொல்லி வைக்கிறன்" என்றான். நான் காரணம் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வந்து ஐந்தாறு நாளாகியும் அவன் ஹோட்டலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனானே தவிர, வீட்டுக்கு வாங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு வா என்றதும் உடனே வந்தான். பொழுது சாய்கிற நேரம். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். மோட்டார்சைக்கிளை வேலியோரம் விட்டுவிட்டு, கதிரையைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்தான். நான் முன்னமே எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உள்ளிப்பூண்டும் எண்ணெயும் போட்ட இறால், பொரித்த கணவாய், சின்ன மீன், உருளைக்கிழங்கு போட்ட முட்டைப் பொரியல், சுட்டுத் தக்காளி தேய்த்த பாண் ரொட்டி. ஒவ்வொன்றாக வந்து மேசை நிறைந்தது. எனக்கு அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

"எடு தம்பி. நடுவில இருக்கிறது எல்லாம் ரெண்டு பேருக்கும்தான்."

அவன் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பாணில் ஒரு துண்டை எடுத்தான். மெதுவாகச் சாப்பிட்டான். பிறகு இன்னொரு துண்டு.

"கணவாயை எடன். சூடு ஆறுது."

"நீங்கள் சாப்பிடுங்கோ அக்கா."

"ஏன், உனக்குப் பிடிக்காதே?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லே. நான் மச்சம் சாப்பிடுறேல்லை."

கணவாய்த் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் மட்டுமல்ல, முட்டைகூட உள்ளே வராது. எனக்கு விடுமுறையில் என்ன கிழமை என்பதே நினைவில் இல்லை.

"அப்ப ஏன் வந்தனி? போனிலயே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ஆசையாக் கூப்பிட்டனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

கடைக்காரர் விஷயம் அறிந்து, இன்னும் கொஞ்சம் பாணும் ஒலிவ் காயும் கொண்டுவந்து வைத்தார். தம்பி ஒரு ஒலிவ் காயை வாயில் போட்டு, முகத்தைச் சுழித்து, மரியாதைக்கு விழுங்கிவிட்டான். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"தம்பி, ஏன் என்னை வீட்டில நிக்க வேண்டாமெண்டனி? இடமில்லையே?"

"இடம் கிடக்கு."

"அப்ப?"

அவன் பாண் துண்டைத் தட்டில் வைத்தான்.

"மனிசி போன புதுசில, பின்னேரத்தில தேத்தண்ணி போடேக்க ரெண்டு கோப்பை எடுத்து வைப்பன். கன காலம் அப்பிடி. பிறகு ஒரு மாதிரிப் பழகிட்டன். இப்ப நீங்கள் வந்து மூண்டு கிழமை நிண்டா, வீட்டில பேச்சுச் சத்தம் இருக்கும். நீங்கள் போனாப் பிறகு நான் திரும்ப முதல்ல இருந்து பழகவேணும். என்னால ஏலாது அக்கா."

கோபமில்லாமல், மழை வராது என்று சொல்வது போலத்தான் சொன்னான். அவனுக்கு என்னில் பாசம் விட்டுப்போயிற்று என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். விடுமுறை முடிந்து என் வீட்டுக் கதவைத் திறக்கும் முதல் நாள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே நண்பர்கள் தங்கள் வீட்டில் தங்கக் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லி மறுத்திருக்கிறேன். ஆனாலும் என் தம்பியின் வாயிலிருந்து அதைக் கேட்டபோது தாங்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்துச் சமாளித்தேன்.

"நான் குறை நினைக்கேல்லை" என்றேன்.

"தெரியும்."

இருட்டுவதற்கு முன் அவன் புறப்பட்டுவிட்டான். நான் கணவாயில் பாதி சாப்பிட்டேன். மிச்சத்தைக் கடைக்காரர் கட்டித் தந்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். "நேற்று நல்ல சாப்பாடு வீணாப் போச்சு" என்று சொல்லி, தானே கடைக்காரரைக் கூப்பிட்டு இறாலும் கணவாயும் கேட்டான். ஒரே தட்டில் இருவரும் எடுத்துச் சாப்பிட்டோம். பெரிதாகப் பேசவில்லை. வெங்காய விலை பற்றி, கர்ப்பமாயிருக்கும் மகளுக்கு மாதம் ஏழு என்பது பற்றி. கடைசி இறாலை என் பக்கம் தள்ளிவிட்டான். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை வந்தான். வீட்டுக்கு அவன் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் புறப்பட்ட காலை அவன் வழியனுப்ப வரவில்லை. வான் வண்டியில் சாமான்களை ஏற்றிவிட்டு அவனுக்குப் போன் எடுத்தேன். தோட்டத்தில் நின்றான், பின்னால் தண்ணீர் இறைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வெளிக்கிட்டிட்டன்" என்றேன்.

"ஓம். கவனமாப் போங்கோ."

அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் அவனும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. வான் அல்லைப்பிட்டியைத் தாண்டி, கடலுக்கு நடுவே போகும் பண்ணைப் பாலத்தில் ஏறும்வரை, அந்த மிஷின் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு லைன் அறுந்துவிட்டது.