ஜன்னத்தின் சிவப்புச் செடி

கள்ளக்குறிச்சியில் கணவர் அப்துல்லாவோடு வளையல் கடை நடத்தும் ஜன்னதுல் பிர்தௌஸுக்கு, வீட்டு மீன் தொட்டியில் மீனை விடச் செடிகள் மேல்தான் ஆசை. மெல்லிய தண்டுள்ள ஒரு சிவப்புச் செடி மட்டும் மூன்று முறை நட்டும் கரைந்து போனது. போர் தண்ணீரின் உப்பு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்குப் பட்டது. ஐப்பசி மழை பிடித்ததும் பிரியாணி அண்டாவை மாடிக்குத் தூக்கிப் போனாள்.

"மழையில நனைஞ்சிக்கினு இன்னா பண்ற?" என்று கத்தினார் அப்துல்லா.

"செடிக்குத் தண்ணி புடிக்கிறேங்க. நீங்க வந்து குடை புடிங்க!"

சிரித்துக்கொண்டே வந்து பிடித்தார்.

தொட்டியில் மழைத்தண்ணீரை நிரப்பி, நான்காவது முறையாக நட்டாள். பத்தாம் நாள் காலையில் நுனியில் ரோஜா நிறத்தில் இரண்டு இலைகள் விரிந்திருந்தன. ஜன்னத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவளைவிட அதிகமாகச் செடியில் லயித்து நின்ற அப்துல்லாவைத்தான் அவள் தொட்டி முன்னாலிருந்து இழுத்துக்கொண்டு கடை திறக்கப் போக வேண்டியிருந்தது.